குறட்டை

பெட்ரோலைப் பற்றித் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.
பதினோரு வருடம், சார்ஜாவின் சஜாவில்,
மணல் மேட்டுக்குப் பின்னால் ஒரு கராஜ்.
வந்த மாதமே குழாயை வாயில் வைத்து உறிஞ்சி
நெஞ்சு எரிந்து மூன்று நாள் கிடந்தேன்.
அதற்குப் பிறகு கைப்பம்பு இல்லாமல்
எந்த டேங்க்கையும் தொட்டதில்லை.
தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி வைப்பவனை
யாரென்று பார்க்காமல் திட்டுவேன்,
ஃபோர்மேன் கோயாக்காவையும் சேர்த்து.
குழிக்குள் கால் வைக்குமுன் மூக்கை இறக்குவேன்:
பெட்ரோல் ஆவி திருட்டுப் பூனை,
தரையோடு தரையாக ஊர்ந்துபோய்
பள்ளத்தில் படுத்துக் காத்திருக்கும்
ஒரே ஒரு பொறிக்காக.

ஆனாலும் அதற்கு ஒரு நேர்மை உண்டு.
வந்துவிட்டேன் என்று வாசனை சொல்லும்.

ஜூலையில், மணல் காற்று அடித்த ராத்திரி,
ஒரு மணிக்கு எங்கள் அறையில் கரண்ட் போனது.
கீழே கராஜில் பழைய லேண்ட் குரூஸர் ஒன்று
ஏசி சரியாகி, காலைக்காகக் காத்து நின்றது.
"டெஸ்டிங்னு வச்சுக்கோ" என்றான் அருள்தாஸ்.
சாவியை எடுத்துக் கொடுத்தது நான்.
கோயாக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

அருள்தாஸும் சம்சுகனியும் முன்னால்,
தில்பகதூர் பின் சீட்டில் காலை மடக்கி.
மணல் வருகிறதென்று ஷட்டரைத் தரை முட்ட இறக்கி
இடுக்கில் கோணியைத் திணித்தார்கள்.
என்னைச் சேர்க்கவில்லை.
"உன் குறட்டைக்கு ஏர்பேக் வெடிச்சிரும்."
மாடிப்படித் திருப்பத்தில்
ஈரத் துண்டை முகத்தில் போட்டு
கோபத்தோடு படுத்தேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.
தாகத்துக்கு இறங்கினேன்.
ஷட்டருக்குப் பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது,
நான் ட்யூன் செய்த ஆறு சிலிண்டர்,
ஒன்றுகூடப் பிசகாமல்.
என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு
ஒரு நிமிடம் நின்றேன்.
ஒன்றரைகூட இருக்கலாம்.
அந்த ஒன்றரை நிமிடம்
இன்னும் என் கணக்கில் கடனாகவே இருக்கிறது.

அப்புறம்தான் உறைத்தது.
மூன்று பேர் தூங்குமிடத்தில்
ஒரு இருமல்கூட இல்லை.

தட்டினேன். கத்தினேன்.
ஷட்டரை முழுசாகத் தூக்கிப் புகையைத் தேடினேன்.
புகை இல்லை, நெடி இல்லை.
டாஷ்போர்டின் பச்சை வெளிச்சத்தில்
நிம்மதியான மூன்று முகங்கள்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிச் சாவியைத் திருகினேன்.
வெளியே வந்து மூச்சு வாங்கி, உள்ளே போய்,
அக்குளில் கைகொடுத்து ஒவ்வொருவராக
மணல் காற்றுக்குள் இழுத்தேன்.
மூன்றாவது ஆள் வருவதற்குள்
என் மண்டையை யாரோ ஸ்பேனரால் தட்டினார்கள்.
போனில் தமிழும் இந்தியும் அரபியுமாக
என்ன உளறினேனோ, ஆம்புலன்ஸ் வந்தது.
சம்சுகனி முகமூடியை விலக்கி வாந்தி எடுத்த சத்தம்
கல்யாண மேளம் மாதிரி இருந்தது எனக்கு.

"அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது,
தலை வலிக்கும், தூக்கம் வரும்" என்றாள் நர்ஸ்.
தூங்கப் போனவனுக்குத் தூக்கம் வந்தால்
எப்படிச் சந்தேகப்படுவான்?

காலையில் வண்டிக்காரர் வந்தார்.
சீட்டெல்லாம் மணல்.
பெட்ரோல் ஊசி ஒரு மயிரிழை இறங்கியிருந்தது.
கோயாக்கா என் சம்பளத்தில்
ஒன்பது திர்ஹம் பிடித்தார்.
ரசீது கேட்டு வாங்கினேன்.
பர்ஸில் மடித்து வைத்திருக்கிறேன்.

இப்போது எஞ்சின் ஓடும்போது
யாராவது ஷட்டர் கயிற்றில் கை வைத்தால்
மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுகிறார்கள்.
பாதி திறந்திருந்தால் போதாதா என்பவனிடம்
தில்பகதூர் நேபாளியில் என்னவோ சொல்கிறான்,
நல்ல வார்த்தையாகத் தெரியவில்லை.

என் குறட்டையை யாரும் குறை சொல்வதில்லை.
நின்றுபோனால்தான்
உலுக்கி எழுப்புகிறார்கள்.